விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

மார்ச் 4, திங்கள்

யோகா ஆசிரியர் பயிற்சியில் இன்று சேர்ந்தேன். மொத்தம் பதினான்கு பேர். நாற்பத்தாறு வயதில் நான்தான் மூத்தவள். தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று பயிற்சி தரும் குருபரன் சார் சொல்லிவிட்டார். யாருக்கும் காட்ட வேண்டாமாம், உண்மையாக எழுதினால் போதுமாம்.

உண்மை இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் முதுகுத் தண்டில் டிஸ்க் விலகி இரண்டு மாதம் படுத்தபடி கிடந்தேன். குக்கரைத் தூக்கி அடுப்பில் வைக்க முடியாது. ஆபரேஷன் என்றார்கள். யாரோ சொல்லி அமிர்தநிலை யோக மையத்துக்குப் போனேன். ஆறு மாதத்தில் பொன்மலைச் சந்தைக்கு நடந்தே போய்க் காய்கறிப் பையோடு திரும்பினேன். வலி மாத்திரைகளை நானே குப்பையில் போட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த தைரியம் அதற்கு முன் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

பயிற்சியைப் பற்றி வீட்டில் சொன்னபோது இவர் ஒர்க்ஷாப் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "உனக்கு நல்லாச்சு, சரி. எல்லாருக்கும் ஒரே முதுகா?"

தோசை ஊற்றினேன்.

மார்ச் 16, சனி

சார் இன்று சொன்னது: "உடம்பு முதல்ல பயப்படும். அப்புறம் பொய் சொல்லும். அந்தப் பொய்யைத் தாண்டினவங்களாலதான் இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுக்க முடியும்."

அவருக்கு முப்பத்தெட்டு வயதுதான். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அதனாலேயே எல்லோரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்துதான் கேட்கிறோம்.

எங்களோடு பர்வீன் என்றொரு பெண் பயில்கிறாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அவள் எழுந்து கேட்டாள்: "சார், புதுசா சேர்றவங்ககிட்ட என்ன நோய் இருக்கு, என்ன மருந்து எடுத்துக்கறாங்கன்னு எழுதி வாங்க வேண்டாமா?"

சார் சிரித்தார். "கோயில் வாசல்ல நின்னு யாராவது பிளட் ரிப்போர்ட் கேக்கறாங்களா, பர்வீன்?"

எல்லோரும் சிரித்தோம். பர்வீன் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் நின்றபடியே இருந்தாள்.

மார்ச் 30, சனி

சுவர் இல்லாமல் சிரசாசனம், நான்கு நிமிஷம். இறங்கியபோது காதுக்குள் இரைச்சல். சார் பக்கத்தில் வந்து, "இப்ப நீங்க பயில்றவங்க இல்ல, மங்கை. தயாராயிட்டீங்க" என்றார். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன்.

பர்வீன் இனி வரமாட்டாளாம். செருப்பு மாட்டும்போது ஒரு துண்டுத் தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். "தலைகீழா நிக்க வைக்கறதுக்கு முன்னாடி இத மட்டும் கேளுங்கக்கா." நோய்களின் பட்டியல் போல ஏதோ. பீரோவில் போட்டு வைத்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி, வடை. இவர் மூன்று வடை கேட்டு வாங்கினார்.

சான்றிதழ் வேண்டுமானால் பத்துப் பேரைச் சேர்த்து நூறு நாள் சொல்லிக்கொடுத்துக் காட்ட வேண்டும். காலனி சமுதாயக் கூடத்தைக் காலையில் ஒரு மணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது பேர் சேர்ந்தாயிற்று. ஒருவர் குறைகிறார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பத்தாவது ஆள் கிடைத்துவிட்டார். அடுத்த தெரு ரெஜினா டீச்சர். சர்ச்சிலிருந்து வந்தவர் புடவைகூட மாற்றாமல் நேராக என் வீட்டுக்கு வந்தார். ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறார். கணவர் இறந்து நாலு வருஷம், மகள் பெங்களூரில். இந்தக் காலனியில் பாதிப் பிள்ளைகள் அவரிடம் தலையில் குட்டு வாங்கியவர்கள்தான்.

"எனக்குச் சொல்லித் தருவியா, மங்கை? தப்பா செஞ்சா குட்டக் கூடாது."

அவரை உட்காரவைத்துவிட்டு உள்ளே காபி போடப் போனவள், டிகாக்ஷனில் பால் ஊற்ற மறந்து சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

ஏப்ரல் 22, திங்கள்

முதல் வகுப்பு. ஐந்தரைக்குப் பத்துப் பேரும் வந்துவிட்டார்கள். என் குரல் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை. சவாசனத்தில் பத்துப் பேர் கண்மூடிக் கிடக்க, நான் ஒருத்தி மட்டும் நடுவில் நின்றேன். நான் மூச்சை இழு என்றால் இழுத்தார்கள். விடு என்றால் விட்டார்கள்.

மே 6, திங்கள்

வகுப்பு முடிந்து பாய் சுருட்டும்போது ரெஜினா டீச்சர் சொன்னார்: "எனக்குக் கண்ணுல பிரஷர் இருக்கு மங்கை. தினம் சாயங்காலம் சொட்டு மருந்து விடணும், ஆயுசு முழுக்க. ஊத்தினா அரை மணி நேரம் எரியும். யோகாவுல இதுக்கு வழி இருக்கா?"

சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மே 8, புதன்

சாரிடம் கேட்டேன். வழி சொன்னார்.

மே 9, வியாழன்

டீச்சரிடம் சொன்னேன். புழுக்கம் தாங்கவில்லை.

மே 28, செவ்வாய்

டீச்சர் சிரசாசனம் செய்துவிட்டார். சுவரோரம், இரண்டு நிமிஷம். கீழே இறங்கியதும் முகம் குங்குமமாய்ச் சிவந்திருந்தது. எல்லோரும் கை தட்டினோம். அடுத்த வீட்டுக் காந்திமதி அக்கா, "டீச்சருக்கே வருதுன்னா எனக்கும் வரும்" என்றாள்.

டீச்சருக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. ஒரு கணக்கு வராவிட்டால் விடமாட்டார் அல்லவா, அதே குணம். இனி தினமும் ஒரு நிமிஷம் கூட்டுவாராம். கண் எரிச்சல் போயே போய்விட்டது என்று சொன்னார்.

ஜூன் 11, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. டீச்சர் சாயங்காலம் வந்திருந்தார். முகத்தில் ஒரு வெட்கம்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. ரெண்டு நாளா பொழுது சாஞ்சா தெருவிளக்கைச் சுத்தி வளையம் தெரியுது. வானவில் மாதிரி, நீலம், செவப்பு. பீடத்துல மெழுகுவர்த்தி ஏத்தினா அதைச் சுத்தியும் தெரியுது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எனக்கு இதுவரை எதுவும் தெரிந்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஜூன் 13, வியாழன்

சாருக்குப் போன் செய்தேன். வளையத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "மூணு வருஷம் செஞ்சவங்களுக்கே கிடைக்காதது. அவங்களை யோகா தினத்தன்னிக்கு மேடைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார். "நல்ல ஆசிரியர்கிட்டதான் மாணவருக்கு ஒளி தெரியும்" என்றும் சொன்னார்.

இவரிடம் சொன்னேன். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "வெல்டிங் கண்ணாடி போடாம வேலை செஞ்சா எங்க ஆளுங்களுக்கும் என்னென்னமோ தெரியும்" என்றார். இவருக்கு எல்லாமே கேலி.

ஜூன் 21, வெள்ளி

யோகா தினம். மைதானத்தில் முந்நூறு பேர் இருப்பார்கள். ரெஜினா டீச்சர் மேடையில் ஏழு நிமிஷம் தலைகீழாக நின்றார். பிறகு மைக்கில் பேசினார். கணக்கு டீச்சர் அல்லவா, வரிசையாகச் சொன்னார்: ஆறு வருஷம் மருந்து, ஒன்றரை மாதமாக மருந்தில்லை, எரிச்சலில்லை, இப்போது ஒளி. "எனக்கு மங்கைதான் டீச்சர்" என்று முடித்தார்.

இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டார். நான் பிடித்துக்கொண்டேன். கூட்டத்தைப் பார்த்த படபடப்பு.

ஜூலை 3, புதன்

டீச்சர் வீட்டில் காபி. எனக்கு ஆற்றித் தருகிறேன் என்று டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டார். மேஜையெல்லாம் காபி. இருவரும் சிரித்தோம். "வயசாயிடுச்சுடி" என்றார். ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிட்டார். அதையும் கோர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

கூடத்தின் வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் டீச்சர் இடது தோளை இடித்துக்கொண்டார். போன வாரம் கதவு. இரண்டுமே இடது பக்கம். நிதானமாக நடங்கள் டீச்சர் என்றேன்.

இன்னும் இருபது நாளில் என் நூறு நாள் முடிகிறது.

ஜூலை 15, திங்கள்

டீச்சர் வகுப்புக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தார். தலையைப் பிளக்கும் வலி, இரண்டு முறை வாந்தி. இடது கண் சிவந்திருந்தது. சாருக்குப் போன் செய்தேன். "கழிவு வெளிய வருது. பயந்து ஆசனத்தை நிறுத்திட வேண்டாம்" என்றார். சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். நெற்றியில் பற்றுப் போட்டேன்.

வெளியே வந்து அவர் வீட்டு கேட்டை மூடியபோது, கொக்கி மாட்டக் கை வரவில்லை. ஏனோ தெரியவில்லை.

ஜூலை 17, புதன்

இவர் வேலைக்குப் போகும் வழியில் டீச்சருக்கு இட்லி கொடுத்துவிட்டு, போன வேகத்தில் திரும்பி வந்தார். ஒர்க்ஷாப் சங்கு ஊதி ஓய்ந்தது. இவர் வாசலிலேயே நின்றார்.

"அந்தம்மா கண்ணு ரத்தமா இருக்கு. நான் இடது பக்கமா நின்னு பேசறேன், அவங்க என்னைத் தேடறாங்க. இதுவா ஒளி?"

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"பேசாத மங்கை. புடவையை மாத்து."

ஜூலை 18, வியாழன்

நேற்று கண் ஆஸ்பத்திரி. நேற்று எழுத முடியவில்லை.

அவசரமாக அழுத்தத்தைக் குறைக்க ஊசி போட்டார்கள். இன்று மறுபடி சோதித்தார்கள். டாக்டர் சின்னப் பெண். எனக்கு மகளாகும் வயசுதான் இருக்கும். டீச்சரிடம் நேராகவே சொன்னாள்: "நரம்பு முன்னாடியே பாதி போயிருந்திருக்கு. மருந்து போட்டதால மிச்சம் நின்னுச்சு. இப்ப இடது கண்ணுல மிச்சமும் போயிடுச்சும்மா. திரும்ப வராது. வலதைக் காப்பாத்தலாம்."

டீச்சர் தலையை ஆட்டினார், மாணவி மாதிரி.

"சொட்டு மருந்தை எப்ப நிறுத்தினீங்க?"

"மே மாசம்."

"யார் சொல்லி?"

நான் டீச்சருக்குப் பின்னால் நின்றிருந்தேன். சுவரில் கண்ணின் படம் ஒன்று, பாதியாக வெட்டி உள்ளே காட்டுவது. அதையே பார்த்தேன்.

"யாரும் சொல்லல. நானாதான் நிறுத்தினேன்" என்றார் டீச்சர்.

டாக்டர் எழுதிக்கொண்டாள்.

ஜூலை 19, வெள்ளி

வகுப்பு எடுத்தேன். யாரையும் தலைகீழாக நிற்க வைக்கவில்லை. ஏன் என்று கேட்டார்கள். தலைவலி என்றேன்.

ஜூலை 22, திங்கள்

மையத்துக்குப் போனேன். சார் முழுவதும் கேட்டார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார்.

"அவங்களுக்கு நோய் இருந்ததை உங்ககிட்ட மறைச்சிருக்காங்க, இல்லையா?"

"இல்ல சார். சொன்னாங்க. உங்ககிட்டகூடக் கேட்டேனே."

"என்கிட்ட என்ன கேட்டீங்க, நான் என்ன சொன்னேன்னு நல்லா யோசிச்சுப் பாருங்க, மங்கை." குரல் அதே மென்மை. "டாக்டர்கிட்ட அவங்களே சொல்லிட்டாங்க, தானாதான் நிறுத்தினேன்னு. அதை நாம ஏன் கலைக்கணும்? நாலாம் தேதி சான்றிதழ் வாங்கிக்குங்க. துவாக்குடியில புதுக் கிளை தொடங்கறோம். அதை நீங்கதான் பார்த்துக்கணும்."

அவர் சொன்னபடி யோசித்தேன். பஸ்ஸிலும் யோசித்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

மே 8-இல் ஒரு வரி எழுதியிருக்கிறேன். மே 9-இல் இன்னொன்று. அவற்றை இன்று படித்தேன். நான் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

சார் எந்த வழியும் சொல்லவில்லை. "உங்க முதுகு உங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்துச்சு?" என்று கேட்டுச் சிரித்தார், அவ்வளவுதான். மிச்சத்தை நான் போட்டுக்கொண்டேன்.

அன்றே வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து பர்வீன் கொடுத்த தாளைப் படித்தேன். முதல் வரியிலேயே இருந்தது: கண்ணில் அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனம் கூடாது. மடித்துப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் டீச்சரிடம் சார் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினேன். டீச்சர் குறுக்கிட்டார். "சாரை விடு. நீ என்ன சொல்ற?"

இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தியவர் என்னிடம் கேட்கிறார். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய என்னிடம். தெரியாது டீச்சர், டாக்டரைக் கேளுங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் எனக்குத் தெரியாதது அல்ல. அதைச் சொன்னால் அவர் என்னைப் பார்த்த பார்வை மாறிவிடும் என்று தோன்றியது.

"நிறுத்திப் பாருங்க டீச்சர். எனக்கு ஆகலையா?" என்றேன்.

இவைதான் என் வார்த்தைகள். வேறு யாருடையவையும் அல்ல.

ஜூலை 24, புதன்

காலையில் இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறவில்லை, கத்தவில்லை. முழுவதும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார்.

"என்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது?"

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று ஆடிப் பெருக்கு. காவிரிக்குப் போகவில்லை.

சான்றிதழ் விழா. பெரிய மண்டபம், நிறையக் கூட்டம். ஒவ்வொருவரும் மைக்கில் இரண்டு வார்த்தை பேச வேண்டும். என் முறை வந்தது. சான்றிதழை வாங்காமல் மைக்கைப் பிடித்தேன்.

"யோகா தினத்தன்னிக்கு மேடையில பேசினாங்களே ரெஜினா டீச்சர், அவங்களுக்கு இடது கண் போயிடுச்சு. கண் மருந்தை நிறுத்தச் சொன்னது நான். தலைகீழா நிக்க வெச்சதும் நான். அவங்க பார்த்தது ஒளி இல்ல, நோய். இங்க யாராவது மருந்தை நிறுத்தியிருந்தா, இன்னிக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க."

சார் எழுந்து வந்து என் தோளருகே நின்றார். மைக்கை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார். முகத்தில் கோபமே இல்லை.

"தன்னோட தப்பை இத்தனை பேர் முன்னாடி ஒத்துக்கறதுக்கு எவ்வளவு பக்குவம் வேணும். இதுதாங்க யோகம். கை தட்டுங்க."

தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சொன்ன ஒரு சொல்கூட யாருக்கும் கேட்கவில்லை. படியிறங்கி நடந்தேன். அந்தச் சத்தம் தெருவரைக்கும் வந்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

கூடத்தில் மிச்சமிருக்கும் ஒன்பது பேரையும் உட்காரவைத்து ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: என்ன நோய், என்ன மருந்து. முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது.

தைராய்டு மாத்திரையை ஒருத்தி நிறுத்தியிருக்கிறாள். ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒருத்தி இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆக்கியிருக்கிறாள். நான் அவர்களிடம் ஒன்றும் சொன்னதில்லை. டீச்சர் மேடையில் பேசியதைக் கேட்டவர்கள். இருவரும் பயந்து, இன்றே டாக்டரிடம் போவதாகச் சொன்னார்கள்.

காந்திமதி அக்கா சர்க்கரை மாத்திரையை ஜூன் இருபத்தொன்றோடு நிறுத்தியவள். கால் விரலில் ஒரு புண், ஆறாமல் இருக்கிறது. துணி சுற்றியிருக்கிறாள்.

"அக்கா, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நான் கூட வரேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல, மங்கை. உடம்பு காத்து மாதிரி இருக்கு. டீச்சருக்கு நம்பிக்கை பத்தல, அதான் போச்சுன்னு சார் சொன்னாரு."

"சாரை எப்பப் பாத்தீங்க?"

"நேத்து நீ பாதியில போன பிறகு. நாளையிலேருந்து நான் அங்கயே வரேன்னு சொல்லிட்டேன்."

பாயைச் சுருட்டிக்கொண்டு, அந்தக் காலை லேசாக இழுத்தபடி போனாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இரண்டு முறை போனேன். காந்திமதி அக்கா உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். வேலையாக இருக்கிறாளாம்.

ஆகஸ்ட் 7, புதன்

ரெஜினா டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் இன்றுதான். மருத்துவ விடுப்பில் இருக்கிறார். கறுப்புக் கண்ணாடி. உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பர்வீன் கொடுத்த தாள் உட்பட. அது அவருக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தார். கை மட்டும் நாற்காலிப் பிடியை விட்டு விட்டுப் பிடித்தது.

"அந்த டாக்டர் பொண்ணுகிட்ட நானாதான் நிறுத்தினேன்னு சொன்னது உன்னைக் காப்பாத்த இல்ல. இன்னொருத்தி பேச்சைக் கேட்டுக் கண்ணைக் குடுத்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. கணக்கு டீச்சர் நான்."

கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"உன்னை நான் மன்னிக்கல, மங்கை. எப்பவாவது மன்னிப்பேனான்னும் தெரியல."

"நான் அதுக்கு வரல டீச்சர்." காந்திமதி அக்காவின் கால் புண்ணைப் பற்றிச் சொன்னேன். நான் மேடையில் சொன்னதையும், எல்லோரும் கை தட்டியதையும் சொன்னேன். "நான் சொன்னா யாரும் கேக்கமாட்டேங்கறாங்க."

டீச்சர் கையால் நாற்காலிப் பிடியைத் தேடிப் பிடித்தார். பிறகு எழுந்தார். "நான் மேடையில பேசினதைக் கேட்டுத்தானே நிறுத்தினா. நீ இடது பக்கமா வா. அவ வீட்டுப் படி எனக்குப் பழக்கமில்ல."

தெருவில் மெதுவாகப் போனோம். என் கையை அவர் பிடிக்கவில்லை. படி வந்தபோது மட்டும் முழங்கையில் இரண்டு விரலை வைத்தார்.

டீச்சர் குரலைக் கேட்டதும் காந்திமதி அக்கா கதவைத் திறந்தாள். கால் விரலில் புதுத் துணி. அதிலும் ஈரம் கசிந்திருந்தது. "வாங்க டீச்சர். நீங்க இன்னும் கொஞ்ச நாள் பொறுமையா செஞ்சிருந்தா…" என்று ஆரம்பித்தாள்.

டீச்சர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். சிவப்பு இறங்கிவிட்டிருந்த இடது கண் நன்றாகத் திறந்திருந்தது. பார்க்க எந்தக் குறையும் இல்லாத கண்.

"காந்திமதி, என் முன்னாடி வந்து நில்லு. கையைத் தூக்கி எத்தனை விரல் வேணுமோ காட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டீச்சர் முகத்துக்கு நேரே, ஒரு முழம் தள்ளி, மூன்று விரலைக் காட்டினாள்.

டீச்சர் காத்திருந்தார். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். காந்திமதி அக்கா கையை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். விரல்கள் இமையைத் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டன. இமை அசையவில்லை.

"காட்டிட்டியா?" என்று கேட்டார் டீச்சர்.